கம்ப்யூட்டருக்குப் பிடிபடாத ரப்பர் புஷ்

பனியனைத் துவைத்ததும் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டால், விஷயம் தெரிந்த திருப்பூர்க்காரர் டெய்லரைக் குறை சொல்ல மாட்டார். நூலின் முறுக்கில் கோளாறா, துணியைப் பதப்படுத்தியதில் கோளாறா என்றுதான் தேடுவார். அதே ஆள் தன் பழைய மாருதி 800 இடப்பக்கம் இழுக்கிறது என்றால் மட்டும் நேராக அலைன்மென்ட் கடைக்குப் போய் நிற்கிறார். அங்கே கம்ப்யூட்டர் திரையில் எண்கள் பச்சையாக மாறுகின்றன. பணம் கட்டிவிட்டுக் கிளம்புகிறார். பல்லடம் போய்த் திரும்புவதற்குள் வண்டி மறுபடி இழுக்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரு பழைய பட்டறை மெக்கானிக்கின் அருமை தெரியும். அவர் முதலில் வண்டியை ஓட்டிப் பார்ப்பார். நம் சாலைகள் மழைத்தண்ணீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்தவை. கொஞ்சம் இடப்பக்கம் போவது வண்டியின் குற்றமல்ல. எப்போது இழுக்கிறது என்பதுதான் அவருக்குக் கேள்வி. சீராகப் போகும்போதே இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுவார். இழுப்பும் பக்கம் மாறினால் தவறு டயரில். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் விவகாரமே வேறு. காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கலாம், ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தால் அவர் பார்வை போகும் இடம், ஸ்டெபிலைசர் பாரின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்.

800-ஐ ரசிப்பவர்கள் இந்தப் புஷ்ஷில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். மற்ற பல கார்களில் ஸ்டெபிலைசர் பாரின் வேலை, வளைவில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. 800-இல் அதே கம்பிதான் லோயர் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கிறது. ஒரே கம்பிக்கு இரண்டு வேலை. விலையையும் எடையையும் குறைக்க நினைத்த சுசுகியின் கச்சிதமான யோசனை. அந்த ரப்பர் தேய்ந்துவிட்டால், பிரேக் மிதித்தவுடன் சக்கரமே சற்றுப் பின்னால் போகும். காலுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். அலைன்மென்ட் மேடையில் கார் அசையாமல் நிற்கும்போது இந்த நோய் வெளியே தெரியாது; கம்ப்யூட்டர் காட்டும் கோணங்கள் அந்த நேரத்துக்கு உண்மையாகவே சரியாக இருக்கும். கடப்பாரையைக் கொடுத்து லோயர் ஆர்மை நெம்பிப் பார்க்கிற கைக்குத்தான் அது பிடிபடும்.

மற்றதெல்லாம் ஜாக்கி வைத்ததும் தெரிந்துவிடும். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டோ ராக் எண்டோ பேசும். ராக் எண்டு ரப்பர் பூட்டுக்குள் ஒளிந்திருப்பதால் பூட்டை அமுக்கி விரலால் உணர வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுவார். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பிறகு டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டுவார். உள்ளே போகும்போது வழவழப்பும், வெளியே வரும்போது சொரசொரப்பும் இருந்தால் டோ இன், அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, கூடிப்போயிருக்கிறது.

ஸ்டியரிங் என்றால் 800-தான் என்று சொன்னால் அம்பாசிடர் பக்தர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தங்கள் காரிலும் ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங் இருந்தது, முன்பக்கம் டார்ஷன் பார் இருந்தது, குண்டும் குழியுமான சாலையில் அதற்கு நிகரில்லை என்பார்கள். அத்தனையும் உண்மை. பத்மினிக்காரர்களுக்கு வார்ம் அண்ட் ரோலர் பெட்டியின் பழகிய மென்மைதான் பெரிது. ஆனால் சாலையில் கிடக்கும் சிறு கல்லைக்கூடக் கைக்குச் சொல்லும் ஸ்டியரிங் 800-உடையதுதான். சுமார் 650 கிலோ எடை, 12 அங்குலச் சக்கரம், பவர் ஸ்டியரிங் கிடையாது. பவர் ஸ்டியரிங் வந்தபின் கைக்கு வேலை குறைந்தது, அதோடு வண்டி சொல்லும் சேதியும் குறைந்தது.

இந்த நுண்ணுணர்வு கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. கோயம்புத்தூர் கரிவர்தன் 800-இன் 796 சிசி இன்ஜினை எடுத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் தொடக்க காலத்தில் பந்தயம் ஓட்டிப் பழகியதும் அந்த வகைக் காரில்தான். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் கரிவர்தன் பெயரில் இருக்கிறது.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடரும் நின்றது. கார்கள் போனதைவிட, அவற்றைத் தொட்டே படிக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்து வருவதுதான் வருத்தம். இன்று சில இடங்களில் ஆட்டத்தை மறைக்க ராக்கின் ஸ்க்ரூவை இறுக்கிவிடுகிறார்கள். ஆட்டம் போய்விடும், ஆனால் வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அவிநாசிக்கு அப்பால் சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது அப்படிப்பட்ட ஸ்டியரிங் ஆபத்தானது. லோயர் ஆர்ம் புஷ்ஷை மாற்றும்போதும், காரைத் தரையில் இறக்கிப் பாரம் வந்தபின் போல்ட்டை இறுக்க வேண்டும் என்ற பழைய ஒழுங்கைப் பலர் கைவிட்டுவிட்டார்கள். தொங்கும் நிலையில் இறுக்கிய ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

வீட்டில் இன்னும் 800 வைத்திருப்பவர்கள், அடுத்த முறை அலைன்மென்ட் மேடையில் ஏற்றுவதற்கு முன் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெபிலைசர் புஷ்ஷையும் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த பாகத்தை மாற்றிய பிறகு அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுத்தால் போதும்.