அப்டேட்டின் முகத்தைப் பார்க்காதீங்க, வந்த வழியைப் பாருங்க

போலி அப்டேட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லித் தரும் விழிப்புணர்வுக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன. எழுத்துப்பிழை இருக்கான்னு பாருங்க, லோகோ மங்கலா இருக்கான்னு பாருங்க, அவசரப்படுத்துதான்னு பாருங்க. பட்டாபிராமில் என் அக்கம்பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் இதையே மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. திருடனை அவன் போட்டிருக்கும் சட்டையை வைத்து அடையாளம் காணச் சொல்வது மாதிரி இருக்கிறது. லோகோவை காப்பி அடிக்க ஒரு நிமிஷம் போதும். பிழையில்லாமல் எழுதித் தர இன்றைக்கு ஏஐ இருக்கு. அவசரப்படுத்துவதை நிஜமான விண்டோஸ் அப்டேட்டே செய்கிறது!

பார்க்க வேண்டியது, அது எந்த வழியாக வந்தது என்பதைத்தான். ஏதோ ஒரு வெப்சைட்டுக்குள் "உங்கள் குரோம் பழசாகிவிட்டது" என்று வந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் போலி. குரோம் தன் அப்டேட்டைத் தன் மெனுவில்தான் காட்டும். வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைலாக வரும் 'பேங்க் ஆப் அப்டேட்' எதையும் தொடவே வேண்டாம். திரை முழுக்க நீலமாகி, ஏதோ கீகளை அழுத்தி பேஸ்ட் பண்ணச் சொன்னால் அது விண்டோஸ் இல்லை. விண்டோஸ் அப்டேட் நம்மை எதையும் பேஸ்ட் பண்ணச் சொல்லாது. சுருக்கமாக, வந்த அறிவிப்பை அழுத்தாமல், நாமே செட்டிங்ஸுக்கோ பிளே ஸ்டோருக்கோ போய்ப் பார்க்க வேண்டும். அங்கே அப்டேட் இருந்தால் போடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

ஆனால் இந்த விதியும் ஒரு இடத்தில் தோற்கும். மும்பையைச் சேர்ந்த மைக்ரோவேர்ல்ட் நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இ-ஸ்கேன். அதன் அப்டேட்டுகள் பாதுகாப்பில்லாத எச்.டி.டி.பி. வழியாக, டிஜிட்டல் கையொப்பமும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. வழியில் மறித்து, பொட்டலத்தையே மாற்றிவிட்டார்கள். இ-ஸ்கேன் தன் கையாலேயே அதைப் பிரித்து நிறுவியது. குப்டிமைனர் என்று பெயரிடப்பட்ட இந்தத் தாக்குதலை அவாஸ்ட் ஆய்வாளர்கள் 2024 ஏப்ரலில் விவரமாக வெளியிட்டார்கள். அதற்கு முன்பே நிறுவனத்துக்கும் செர்ட்-இன் அமைப்புக்கும் தகவல் சொல்லியிருந்தார்கள். சரிசெய்துவிட்டதாக நிறுவனம் உறுதிப்படுத்தியது 2023 ஜூலை 31 அன்று. குப்டிமைனரின் தடயங்களோ 2018 வரை பின்னோக்கிப் போகின்றன.

இதில் பயன்படுத்தியவர் என்ன தப்பு செய்தார்? லிங்க் எதையும் அழுத்தவில்லை. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினார், அதை அப்டேட் ஆகவும் விட்டார். விழிப்புணர்வுக் குறிப்பு சொன்ன எல்லாவற்றையும் செய்தவர் அவர்.

அந்தக் குறிப்புகள் மீது எனக்கிருக்கும் பெரிய குறை இதுதான். பாரம் முழுவதையும் பயனர் கண்ணில் ஏற்றிவிடுகின்றன. ஏமாந்தால் "கவனமா இருந்திருக்கணும்" என்று அவர் தலையிலேயே பழி. அப்டேட்டில் கையொப்பம் போடுவதும், அதைச் சரிபார்த்த பிறகே நிறுவுவதும் தயாரித்தவரின் வேலை. இது புதுத் தொழில்நுட்பமும் இல்லை. லினக்ஸ் விநியோகங்கள் பல வருஷங்களாகச் செய்துவருவதுதான்.

இதைப் படித்துவிட்டு அப்டேட்டே வேண்டாம் என்று யாரும் நிறுத்திவிட வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் அதைப் போடாதவர்கள்.

நாம் செய்யக்கூடியது, நாமே போய் அப்டேட்டை எடுத்துக்கொள்வது. அடுத்தமுறை சாஃப்ட்வேர் வாங்கும்போது "அப்டேட்டை எச்.டி.டி.பி.எஸ். வழியா அனுப்புறீங்களா? கையொப்பத்தைச் சரிபார்க்குறீங்களா?" என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், லோகோ எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் வேறு ஒன்றைப் பாருங்கள்.