பச்சை விளக்கு சொல்லும் பொய்

2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. இன்வெர்ட்டர் பல வீடுகளுக்குள் நுழைந்த காலம் அது. அதனுடன் வரும் பாட்டரி இரண்டே ஆண்டுகளில் செயலிழந்தால், "கம்பெனி சரியில்லை" என்கிறோம். பெரும்பாலும் குறை மின்னேற்றும் முறையில்தான் இருக்கிறது.

திருவாலங்காடு நிலையத்தில் சற்று நில்லுங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலை 2018 வரை கட்டிய பழைய வகைப் பெட்டி கடந்து சென்றால், அதன் அடிப்பகுதியில் பாட்டரிகள் தொங்குவதைக் காணலாம். அச்சின் சுழற்சியால் இயங்கும் மின்னாக்கி அவற்றுக்கு மின்னேற்றுகிறது. ஒரு சீராக்கி மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஏ.சி. இல்லாத பெட்டிகளில் அமிலத்தின் ஒப்படர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்தே பாட்டரியின் நிலையை அறிகிறார்கள். நம் வீட்டிலோ பச்சை விளக்கு எரிந்தால் போதும் என்றிருக்கிறோம்!

மலிவான கருவிகள் பலவற்றில் அந்த விளக்கு மின்னழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது. 12 வோல்ட் பாட்டரி 14.4 வோல்ட்டைத் தொடும்போது சுமார் 80 விழுக்காடுதான் நிறைந்திருக்கும். எஞ்சிய பங்கு மெல்ல மெல்லத்தான் ஏறும். அதே அழுத்தத்தில் இன்னும் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் மின்சாரம், ஒரு மணி நேரம் வெட்டு என்றிருந்தால் அது ஒருநாளும் நிறையாது. மின்னிறக்கத்தின்போது தகடுகளில் படியும் ஈய சல்பேட், கரையாமல் கிடந்து கெட்டியான படிகமாகிவிடும். அப்புறம் எவ்வளவு மின்னேற்றினாலும் பயனில்லை. பாட்டரி உழைத்துச் சாகவில்லை, பசியால் சாகிறது.

நிறைந்த பின்னும் 14.4 வோல்ட்டிலேயே விட்டுவிடுவது எதிர்ப்பிழை. அப்போது 13.5 முதல் 13.8 வோல்ட் போதும். திருவள்ளூர் மாவட்டக் கோடையில் இதையும் சற்றுக் குறைக்க வேண்டும்: வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ 0.02 வோல்ட். இதைக் கவனியாத கருவி நீரைச் சிதைத்து ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். பாட்டரியைப் பூசையறைக் குத்துவிளக்கின் அருகில் வைத்திருப்பவர்கள் இன்றே அதை இடம் மாற்றுங்கள்.

காருக்கான பாட்டரியை இதற்குப் பயன்படுத்துவதும் வீண்செலவே. அதன் மெல்லிய தகடுகள் எஞ்சினைக் கிளப்பும் சில நொடிகளுக்காகச் செய்யப்பட்டவை.

உங்கள் பாட்டரியைச் சோதிக்க, மின்னேற்றத்தையும் பளுவையும் துண்டித்துச் சில மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். குறைந்த நீருக்கு ஈடாக வாலைவடி நீரை மட்டும் ஊற்றுங்கள், அமிலம் ஊற்றாதீர்கள்.