ஒரு இசை முடியும்வரை ஒரே படம்

ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்குப் போகும் தமிழர்கள் ஏராளம். 1978-இல் தொடங்கிய விழா அது. கச்சேரிகளுக்கு நடுவே ஒரு பகல் ஓய்வு கிடைத்தால், காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஓபர்லின் என்ற சிற்றூருக்குப் போய்விடலாம். அங்கே ஒரு கல்லூரி. 1865-இல் தொடங்கி, பின்னர் அந்தக் கல்லூரியோடு இணைந்த ஓர் இசைப்பள்ளி. அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், 1917-இல் திறந்த ஆலன் நினைவுக் கலை அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர்கள் பலர் ஓபர்லின் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். ஷான்சி என்ற அமைப்பின் வழியாக அங்கே படித்து முடித்த இளைஞர்கள் மதுரைக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் பழையது.

அந்த அருங்காட்சியகத்தில் சில நாள்களில் இசை மாணவர்கள் வாத்தியத்தோடு வந்து ஓவியங்களுக்கு நடுவே வாசிப்பார்கள். ஓவியங்களைப் பற்றிப் பார்வையாளர்களிடம் பேசுவதற்கும் மாணவர்கள் இருப்பார்கள். இந்த இரண்டையும் சரியாக அனுபவிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பெரும்பாலோர் இசையைப் பின்னணியில் ஓடவிட்டுவிட்டுப் படங்களைக் கடந்து போய்விடுகிறார்கள். வாசிப்பவருக்கும் அது நஷ்டம், வரைந்தவருக்கும் நஷ்டம்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு படத்தின் முன் மக்கள் நிற்கும் நேரம் சராசரியாக அரை நிமிடம்கூட இல்லை என்று கண்டது. இசை இங்கேதான் உதவுகிறது. படம் அவசரப்படுத்தாது, ஆனால் போகாதே என்று தடுக்கவும் அதற்குத் தெரியாது. இசைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஆறு நிமிடம் வாசிக்கிறார்கள் என்றால், அந்த ஆறு நிமிடமும் ஒரே படத்தின் முன் நில்லுங்கள். நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான். இசை அந்தப் படத்துக்குப் பொருத்தமா, படத்தின் ‘மனநிலை’யைச் சொல்கிறதா என்றெல்லாம் தேட வேண்டாம். பார்ப்பதற்கு ஒரு கால அளவு கிடைத்திருக்கிறது, அது போதும்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். ஆலன் கட்டடத்தை வரைந்தவர் காஸ் கில்பர்ட். நியூயார்க்கின் உல்வொர்த் கோபுரமும் அவருடையதே. நடுவே உயர்ந்த கூரையுடன் ஒரு சிற்பக்கூடம், அதைச் சுற்றி ஓவிய அறைகள். கடினமான தரையும் உயரமான கூரையும் உள்ள இடத்தில் ஒலி உடனே அடங்காது. துரித கால வாசிப்பில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். நீண்ட கார்வைகள் அழகாக மிதக்கும். ஆகவே சபாவில் உட்காருவதுபோல வாசிப்பவருக்கு எதிரே முதல் வரிசையைத் தேடாதீர்கள். பக்கத்து அறைக்குள் போய்விடுங்கள். வாசல் வழியாக வந்து சேரும் ஒலியில் விரல் வித்தை தெரியாது, வாசிப்பவரின் முகம் தெரியாது. கண் முழுவதும் படத்துக்கே கிடைக்கும்.

எந்தப் படம் என்று கேட்டால், தயங்காமல் ஒன்றைச் சொல்வேன்: ஹென்ட்ரிக் தெர் ப்ரூகன் 1625-இல் வரைந்த செபஸ்தியார். நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் மரத்தில் கட்டுண்டு அம்பு தைத்து நிமிர்ந்து நிற்பாரே, அதே புனிதர்தான். இங்கே அவர் நிற்கவில்லை, துவண்டு சரிந்திருக்கிறார். ஐரீன் என்ற பெண் அவர் உடலிலிருந்து ஓர் அம்பை மெல்ல எடுக்கிறாள். அவளுடைய பணிப்பெண் கைக்கட்டை அவிழ்க்கிறாள். மூன்று தலைகளும் ஒரு சாய்கோட்டில் நெருங்கியிருக்கின்றன. முதல் நிமிடத்தில் அம்புகள்தான் தெரியும். இரண்டாவது நிமிடத்தில் தோலின் நிறத்தைக் கவனிப்பீர்கள்: பச்சை கலந்த சாம்பல், உயிர் இருக்கிறதா என்று சந்தேகப்படவைக்கும் நிறம். கொள்ளைநோய்க் காலங்களில் மக்கள் வேண்டிக்கொண்ட புனிதர் இவர் என்பது அப்போது உறைக்கும். அதன்பிறகு கைகளைப் பாருங்கள். அம்பைப் பிடித்த விரல்கள், முடிச்சில் மும்முரமாக இருக்கும் விரல்கள். இந்தப் படத்தின் மையம் வேதனை அல்ல, பணிவிடை. அரை நிமிடத்தில் அது தெரியாது.

தெர் ப்ரூகன் வாழ்ந்த உட்ரெக்ட் நகரின் தேவாலயக் கோபுரத்தில் மணிகளை இசைக்கும் பணியில் அதே 1625-இல் சேர்ந்தவர் யாக்கோப் ஃபான் ஐக். பார்வையற்றவர். ரெக்கார்டர் என்ற மரக்குழலுக்கு அவர் அமைத்தவை 1640-களில் ‘டெர் ஃப்ளாய்ட்டன் லுஸ்த்ஹோஃப்’ என்ற தொகுப்பாக அச்சாயின. ஊருக்குத் தெரிந்த ஒரு மெட்டை எடுத்து, நம் கீர்த்தனையில் சங்கதி ஏறுவதுபோல, சுற்றுக்குச் சுற்று ஸ்வரங்களைப் பெருக்கிக்கொண்டே போவார். தேவாலய வளாகத்தில் உலாவ வருபவர்களுக்குக் குழல் வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் சம்பளம் உயர்த்தப்பட்டதும் உண்டு. பழங்கால இசையைப் பயிற்றுவிப்பதில் ஓபர்லினுக்குத் தனிப் பெயர். அங்கே குழல் படிக்கும் மாணவர் யாராவது இதை வாசித்தால் அதைவிடப் பேறு வேறில்லை. வாசிக்காவிட்டால், செல்போனில் ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு இயர்போனோடு போங்கள். ஒற்றைக் குழல் ஒரே மெட்டுக்குத் திரும்பத் திரும்ப வரும்போது, கண்ணும் அந்த விரல்களுக்கே திரும்பத் திரும்பப் போகும்.

ஒரு படம் போதுமா என்று தோன்றலாம். இரண்டாம் உலகப்போரில் லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களைப் பாதுகாப்பாக வேல்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வெறுமையான அந்தக் கூடங்களில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபரில் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். 1946 வரை மொத்தம் 1,698. நடுவே, ஒரு நல்ல ஓவியத்தையாவது பார்க்க வேண்டும் என்று மக்கள் கேட்க, 1942 முதல் மாதம் ஒரு படத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஒன்றைப் பார்க்கக் கூட்டம் வந்தது.

இனி மாணவர் பேச்சு. ஓபர்லினில் ஜனவரி மாதக் குறுகிய பருவத்தில் மாணவர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகிறார்கள். எல்லோரும் கலை வரலாறு படிப்பவர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களிடம் ஆண்டையும் விலையையும் கேட்பது வீண். ஆண்டு சுவரட்டையிலேயே இருக்கும். ‘முதல் நாள் இதில் என்ன பார்த்தீர்கள், இப்போது என்ன பார்க்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். நிபுணர் முடிவைச் சொல்வார். இருபது வயதுப் பிள்ளை தான் வந்த வழியைச் சொல்லும், அதில் நாமும் கூடவே நடக்கலாம். தடுமாறினால் பொறுத்திருங்கள். அந்தத் தடுமாற்றத்துக்குப் பின் வரும் வாக்கியம் பெரும்பாலும் அவர்களுடைய சொந்த வாக்கியமாக இருக்கும்.

இதற்கு ஏற்ற படம் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னரின் ‘போர்வீரனாகத் தன்னுருவம்’, 1915. இராணுவச் சீருடை, வாயில் சிகரெட், வலக்கை மணிக்கட்டோடு துண்டிக்கப்பட்டு இரத்தம் கசிகிறது. உண்மையில் அவர் கை போகவில்லை. போர்ப் பயிற்சியில் மனம் நொறுங்கி வெளியே அனுப்பப்பட்டவர். இனி வரைய முடியாதோ என்ற பயத்தைத்தான் அப்படி வரைந்தார். கையை நம்பியே வாழ்க்கையைத் தொடங்கப்போகிற ஒரு வயலின் மாணவியை இதன் முன் பேசச் சொன்னால், எந்த நூலிலும் இல்லாத ஒன்று கிடைக்கும்.

பிரிவதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தப் பருவத்தில் உங்கள் அறையில் என்ன படம்?’ இங்கே அது வெறும் குசலவிசாரிப்பு அல்ல. கலை வரலாற்றுப் பேராசிரியர் எல்லன் ஜான்சன் 1940-இல் தொடங்கிவைத்த ஏற்பாட்டின்படி, அருங்காட்சியகத்தின் அசல் படைப்புகளை மாணவர்கள் சிறு வாடகைக்கு எடுத்து, விடுதி அறைச் சுவரில் ஒரு பருவம் முழுக்க மாட்டிக்கொள்ளலாம். பிக்காசோவும் அதில் உண்டு. விரும்பியது கிடைக்க வேண்டுமே என்று முந்தின இரவே வாசலில் வந்து படுத்துக்கொண்டவர்களும் உண்டு. பல் துலக்கும்போதும் பரீட்சைக்குப் படிக்கும்போதும் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் சொல்லும் பதிலை, அவசரமில்லாமல் நின்று கேளுங்கள்.