நடுகல்லும் பாவையும்

நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இல்லாத ஒரு நாட்டில் ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. 1974ல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் அது அச்சாகி வெளிவந்தது. இப்போது நம் ஊர்ப் பையன்களும் ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்காக ஒரு நாட்டையும் ஜனங்களையும் சிருஷ்டிப்பது நாவலாசிரியனுடைய வேலைக்கு அடுத்த வீட்டு வேலைதான். அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

நாமக்கல் பக்கத்து இளைஞர் ஒருவர் எழுதிய அப்படியொரு நாட்டைக் கையெழுத்துப் பிரதியில் படித்தேன். பெயர் வேண்டாம், இன்னும் எழுதப் போகிறவர். அவருடைய நாட்டில் யாரும் முழுக்கச் சாவதில்லை. உடம்பு விழுந்ததும் உயிரை மரத்தாலும் இரும்பாலும் செய்த ஒரு பதுமைக்குள் இறக்கி விடுகிறார்கள். தாத்தா பதுமை யோசனை சொல்கிறது, கணக்கு எழுதுகிறது, சண்டை வந்தால் வாளெடுக்கிறது. பதுமை உடைந்தால் உயிரை வேறொன்றுக்கு மாற்றிக் கொள்ளலாம். எத்தனை நாளாகும், எவ்வளவு செலவாகும் என்பதற்கெல்லாம் அட்டவணை இருக்கிறது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நூற்றிருபது பக்கத்தில் ஒரு சாவுகூட என்னைத் தொடவில்லை.

ஏன் என்று யோசித்தபோது அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியக்கூடிய கொல்லி மலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த மலையில் ஒரு பாவை உண்டென்று சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். நற்றிணையில் பரணர் பாட்டொன்றில் அது அழியாத இயல்புள்ள பாவை. காற்று அடித்தாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், பூமியே நடுங்கினாலும் அதன் அழகு குலைவதில்லை. அது சிரிக்கும், நடமாடும், வந்தவனை மயக்கிக் கொல்லும் என்றெல்லாம் பிற்காலத்தில் கதை வளர்ந்தது. மலையிலிருக்கும் எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்று சொல்வாரும் உண்டு. எப்படியானாலும், அதற்குள் யாருடைய தாத்தாவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அழியாத பொம்மையைக் கற்பனை செய்யத் தெரிந்த நம் ஜனங்கள், செத்தவனைக் கொண்டுபோய் அதற்குள் வைக்கவில்லை. அவனுக்கென்று வேறு ஒன்றைத் தேடினார்கள். சாதாரணக் கல்லைத்தான் தேடினார்கள்.

அந்தக் கல்லுக்கு எவ்வளவு ஏற்பாடு! காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் ஆறு துறை வகுத்திருக்கிறது. கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், கொண்டுவர வேண்டும், நீராட்ட வேண்டும், நட வேண்டும், படைக்க வேண்டும், வாழ்த்த வேண்டும். இத்தனையிலும் செத்தவன் செய்வது ஒன்றுமே இல்லை. எல்லாம் இருப்பவன் செய்வது. இளைஞருடைய நாட்டில் இது தலைகீழாகிவிட்டது. அங்கே செத்தவர்கள் உழைக்கிறார்கள், இருப்பவர்கள் சௌகரியமாக இருக்கிறார்கள். முன்னோரைக் காப்பாற்றுகிற நாடு என்று அவர் நினைத்து எழுதியது, முன்னோரை வேலைக்கு வைத்துக் கொண்ட நாடாக முடிந்திருக்கிறது.

1965 வரை சேலம் ஜில்லாவுக்குள் இருந்த தர்மபுரிதான் பழைய தகடூர். அங்கே ஆண்ட அதியமான் இறந்து, அவனுக்குக் கல் நட்டு, மயில் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். ஔவை பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காத மனுஷன், இந்தத் துளிக் கள்ளையா வாங்கிக் கொள்வான் என்று புறநானூற்றில் அவள் கேட்கிறாள். சடங்கு குறைவில்லாமல் நடந்திருக்கிறது. ஆனாலும் அவன் கல்லுக்குள் வந்தானா என்பது அவளுக்குத் தெரியவில்லை. உயிர் இறங்கியது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாட்டு அங்கேயே செத்திருக்கும். நம் இளைஞர் அந்த வரியை முதல் பக்கத்திலேயே எழுதி, அட்டவணையும் போட்டுவிட்டார்.

(செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம். எஜமானைக் கல்லாக்கியவர்களுக்கு நாயை விட்டுவிட மனசு வரவில்லை. பதுமை நாட்டில் ஒரு நாயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.)

ஒரு இடம் நன்றாக இருக்கிறது. வீட்டை விற்றுவிட்டுப் போகிற குடும்பம், வண்டியில் இடமில்லாமல் பாட்டிப் பதுமையைத் திண்ணையில் விட்டுவிட்டுப் போகிறது. அது புதிதாக வந்தவர்களிடம் தன் பேரன் பெயரைக் கேட்கிறது. இரண்டே வரி. அடுத்த வரியில் சுங்கச் சாவடி விதிகள் ஆரம்பமாகிவிடுகின்றன. அந்த விதிகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திண்ணையிலேயே பத்துப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும் அவர்.

பாத்திரமாகி ஆடுவதுதான் நோக்கம் என்றால், அதற்கும் கொங்கு நாட்டில் முன்மாதிரி இருக்கிறது. அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்ற அம்மையார் 1965ல் அதை ஒலிப்பதிவு செய்து பின்னால் புத்தகமாகவும் கொண்டுவந்தார். பொன்னரும் சங்கரும் மாண்ட இடத்தில், தங்கை தங்காள் அவர்களை எழுப்புகிறாள். எழுந்து அவளிடம் பேசுகிறார்கள். ஆயுசு பதினாறுதான், அது முடிந்துவிட்டது என்று சொல்லி மறுபடி படுத்து விடுகிறார்கள். திருவிழாவில் படுகளம் என்று இதை ஆடுகிறார்கள். ஊர்ப் பையன்கள் அருள் வந்து பிணமாய் விழுகிறார்கள், துணி போர்த்துகிறார்கள், பிறகு தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராய் எழுப்புகிறார்கள். மரமும் இரும்பும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனுடைய உடம்பே போதுமாயிருக்கிறது, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. அவன் எழுந்திருக்கிற வரையில் அவனைப் பெற்றவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.