போராட்டக்களத்தின் கடைசி இரவு

மெரினாவில் 2017 ஜனவரி 17 முதல் 23 வரை நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை நினைவுகூர்கிறவர்கள் அனேகமாக மூன்று விஷயங்களைச் சொல்வார்கள். இரவிலும் பெண்கள் அச்சமின்றிக் கடற்கரையில் தங்கினார்கள், காமராஜர் சாலையில் இளைஞர்களே போக்குவரத்தைச் சீர்செய்தார்கள், சேர்ந்த குப்பையைக் கூடியிருந்தவர்களே அள்ளினார்கள். மூன்றும் உண்மை, மூன்றும் பெருமைக்குரியவை. ஆனால் ஒரு களத்தின் பாதுகாப்புக் குழுவை இவற்றை மட்டும் வைத்து எடைபோடுவது சரியில்லை என்பதே என் வாதம். நம் பிள்ளைகள் எவ்வளவு ஒழுங்கானவர்கள் என்று ஊருக்குக் காட்டுவது அந்தக் குழுவின் முதல் வேலை அல்ல. கூட்டம் கலைக்கப்படும் நேரத்தில் வந்தவர்கள் அத்தனை பேரையும் காயமில்லாமல் வீடு சேர்ப்பதுதான் அதன் முதல் வேலை. அந்த நேரம் பெரும்பாலும் நள்ளிரவாகவோ விடியற்காலையாகவோ இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

மெரினாவில் ஜனவரி 21ஆம் தேதியே ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்துவிட்டது. நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று கூட்டம் இருந்தது. அதற்கான மசோதா 23ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறவும் செய்தது. ஆனால் அன்று காலையிலேயே போலீசார் கலைக்கத் தொடங்கிவிட்டார்கள். கலைந்து போகச் சொன்னவர்களிடம் கூட்டத்தின் சார்பில் பேச யாருக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஆறு நாட்கள் தண்ணீர் பாக்கெட்டையும் சாப்பாட்டையும் முறையாகப் பிரித்துக் கொடுத்தவர்களால், அரசு என்ன கொடுத்தது, கையெழுத்து எங்கே நிற்கிறது, இன்னும் எத்தனை மணி நேரம் கேட்கலாம் என்று பத்து நிமிடத்தில் கூடிப் பேசி முடிவெடுக்க முடியவில்லை. ஒரு பகுதியினர் அலைக்கு அருகே போய் நின்றார்கள். பலர் நடுக்குப்பத்துக்குள் ஓடினார்கள், அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தன. ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டது, நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது, போலீசார் வீடு புகுந்து அடித்ததாக அங்குள்ள பெண்கள் புகார் சொன்னார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 23ஆம் தேதி மாலை ஓய்வுபெற்ற நீதிபதி அரிபரந்தாமன் கடற்கரைக்கு வந்து சட்டத்தை எடுத்துச் சொன்ன பிறகே மிச்சமிருந்தவர்களில் பலர் எழுந்தார்கள். அந்த விளக்கம் ஒரு நாள் முன்னதாக, 22ஆம் தேதி, கூட்டமே அழைத்து வந்த ஒரு வழக்கறிஞரின் வாயிலிருந்து வந்திருந்தால் நடுக்குப்பம் தப்பியிருக்க வாய்ப்புண்டு. அந்தக் காலையில் நிஜமான பாதுகாப்பைக் கொடுத்தது ஆறு நாளில் முளைத்த தன்னார்வலர் அணி அல்ல, ஒரு குப்பம். நடுக்குப்பத்திலிருந்து பாலவாக்கம் வரையிலும் அதைத் தாண்டியும் இந்தக் கரையில் இருக்கும் மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. ஆபத்து என்றால் யார் பேசுவது, யாருக்குச் சொல்லி அனுப்புவது என்பது அங்கே முன்கூட்டியே தெரிந்த விஷயம். மெரினாவில் இல்லாமல் போனது அதுதான்.

இலங்கையில் இதன் கதை கொழும்பு காலிமுகத்திடலில், 2022க்கு வெகு முன்பே தொடங்குகிறது. 1956 ஜூன் 5 அன்று, சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அங்கே சத்தியாக்கிரகம் இருந்தபோது குண்டர் கூட்டம் அடித்தது, போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு நாடாளுமன்றம் போனார். ஐந்தாண்டு கழித்து 1961 பிப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கிய மறியல், ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் ராணுவமும் வரும் வரை நீடித்தது. எதிர்த்துக் கை ஓங்காத கட்டுப்பாடு அந்தத் தொண்டர்களிடம் பெரிய அளவில் இருந்தது. அது அவர்களைக் காப்பாற்றவில்லை. ஒழுக்கம் அடியைத் தடுக்கும் என்ற நம்பிக்கை இலங்கைத் தமிழரிடம் அப்போதே உடைந்துவிட்டது. சென்னையில் நமக்கு அந்த நம்பிக்கை 2017 ஜனவரி 22 வரை மிச்சம் இருந்தது.

அதே திடலில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலகக் கோரி 2022 ஏப்ரல் 9 அன்று எழுந்த ‘கோட்டா கோ கம’ போராட்டக்களம் ஒரு சிற்றூரைப் போல வளர்ந்தது. முதலுதவிக் கூடாரம், சமையல் கூடம், நூலகம், சட்ட உதவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு இருந்தது. இவற்றில் சட்ட உதவியையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். மார்ச் 31 அன்று மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டருகே போராடிக் கைதானவர்களுக்காகக் கட்டணமில்லாமல் நீதிமன்றத்தில் திரண்ட சட்டத்தரணிகளோடு களத்துக்கு இருந்த தொடர்பு கடைசிவரை அறுபடவில்லை. மே 9 அன்று பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட ராஜபக்ச ஆதரவாளர்கள் தடியோடு வந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தபோது போலீஸ் 1956ஐப் போலவே தாமதித்தது. அன்றே பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார், களம் சில நாட்களில் மீண்டும் எழுந்தது. ஜூலை 22 அதிகாலையில் ராணுவமும் போலீசும் புகுந்து அடித்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. ஜனாதிபதி செயலகத்தை அன்று பிற்பகலே ஒப்படைப்பதாகப் போராட்டக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். அப்படியிருந்தும் அரசு சில மணி நேரம் பொறுக்கவில்லை.

முன்கூட்டியே அறிவித்தும் அடி விழுந்ததே, பிறகு வெளியேறும் திட்டத்தால் என்ன பயன் என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பயன் அடுத்த மாதம் தெரிந்தது. ஆகஸ்ட் 5 மாலைக்குள் இடத்தைக் காலிசெய்யச் சொல்லி போலீஸ் கெடு வைத்தபோது களத்தின் சார்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். பலவந்தமாக அகற்றும் நடவடிக்கை தள்ளிப்போனது, எஞ்சியிருந்தவர்கள் தாங்களாகவே கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். தனக்காகப் பேச ஆள் வைத்திருக்கும் களம் எல்லா இரவும் காப்பாற்றப்படாது, ஆனால் சில இரவுகளாவது காப்பாற்றப்படும். பேச ஆளில்லாத களத்துக்கு அதுவும் இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. பொறுப்பாளர் என்று பெயர் வைத்தால் அந்தப் பெயரைத்தான் போலீஸ் முதலில் தேடும். மாணவர் தலைவர் வசந்த முதலிகே 2022 ஆகஸ்டில் கைதாகி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஐந்து மாதங்களுக்கு மேல் அடைபட்டிருந்தார். வடக்கில் நிலைமை இன்னும் கொடியது. காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் தாய்மார் 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோயில் அருகே அமர்ந்தபோது, சிவில் உடையில் வந்து படமெடுப்பவர்களுக்கு நடுவில்தான் ஒவ்வொரு நாளையும் கழித்தார்கள். அங்கே ஒரு பெயர்ப் பட்டியல் என்பதே ஆபத்து. காலிமுகத்திடலில் 2022 மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது பெரிய விஷயம்தான். ஆனாலும் ஒரு சிங்கள இளைஞருக்கும் ஒரு தமிழ்த் தாய்க்கும் அந்த நாட்டில் ‘பாதுகாப்பு’ ஒரே அளவில் கிடைப்பதில்லை. இந்த மறுப்பை நான் முழுவதுமாகத் தள்ளவில்லை. காவல் நிற்பவர்களின் பெயர் வெளியே தெரிய வேண்டியதில்லை, முறை வைத்து மாறிக்கொண்டே இருக்கலாம். வெளியே தெரிய வேண்டியது களத்துக்காகப் பேசும் இரண்டு மூன்று வழக்கறிஞர்களின், ஊர்ப் பெரியவர்களின் பெயர்தான். மெரினாவில் தலைமையின்மை கைதிலிருந்து சிலரைக் காத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கான விலையைக் கொடுத்தது, போராட்டத்தை அழைக்கவே செய்யாத நடுக்குப்பம்.

மறுபக்கம், காவல் குழு தன்னையே போலீசாக நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. டெல்லி ஷாகீன் பாக்கில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டக்களத்தில் 2020 பிப்ரவரி 1 அன்று ஒருவன் துப்பாக்கியால் சுட்ட பிறகு வருவோரைச் சோதிப்பது இறுகியது, அதில் தவறில்லை. ஆனால் 2021 அக்டோபரில் டெல்லி எல்லையான சிங்குவில் விவசாயிகள் களத்தருகே நிகாங் சீக்கியர் சிலர் ஒரு தலித் தொழிலாளியைக் கொன்று தொங்கவிட்டார்கள். பல மாதங்களாக உணவிட்டும் காவல் நின்றும் பெற்ற நற்பெயர் ஒரே காலையில் களங்கப்பட்டது. 2022 மே 9 மாலை கொழும்பில் திரண்ட கூட்டம், தாக்க வந்தவர்களைப் பேரே ஏரிக்குள் தள்ளியதும் அதே வகை. தடுத்து நிறுத்தலாம், பைக்குள் பார்க்கலாம், சந்தேகப்பட்டவரை வழக்கறிஞர் முன்னால் போலீசிடம் ஒப்படைக்கலாம். விசாரிப்பதும் தண்டிப்பதும் குழுவின் வேலையே அல்ல என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கையில் கம்பு கொடுக்காமல் இருப்பது அதற்கு நல்ல தொடக்கம்.

இது பழைய கதையும் இல்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாட்கள் அமர்ந்தார்கள். பாலவாக்கம் உள்ளிட்ட தென்சென்னையில் அந்தப் பணி சில ஆண்டுகளுக்கு முன்பே தனியாரிடம் போய்விட்டது என்பதால், அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது எங்கள் பகுதிக்காரர்களுக்குப் புரியாததல்ல. ஆகஸ்ட் 13 பகலில் உயர்நீதிமன்ற உத்தரவு வந்தது, நள்ளிரவில் அவர்கள் அகற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். உடன் நின்ற வழக்கறிஞர்களும் மாணவர்களும் பிடித்துச் செல்லப்பட்டார்கள், அவர்களை மீட்கவே நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. பகல் உத்தரவுக்கும் நள்ளிரவுக்கும் இடையில் அரை நாள் இருந்தது. எந்தக் களத்திலும் காவல் குழு அந்த அரை நாளுக்காகத்தான் முன்கூட்டியே தயாராக வேண்டும். முதியவர்களையும் குழந்தைகளையும் பொழுது சாய்வதற்குள் அனுப்புவது, இருப்பவர் பெயரையும் வீட்டு எண்ணையும் வெளியே இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வைப்பது, எந்தத் தெரு வழியாக யாரை எங்கே கொண்டுபோவது என்று நடந்து பார்ப்பது, களத்துக்குள் இல்லாத இன்னொரு வழக்கறிஞர் அணியைத் தயாராக வைத்திருப்பது ஆகியவை அந்தத் தயாரிப்பு. பந்தலுக்குக் கம்பு நடும் அன்றே இந்த வேலையும் தொடங்கிவிட வேண்டும்.