சித்திரகாரப்புலியும் பனைமலை ஓவியமும்

பல்லவர் கால ஓவியத்தின் வரலாறு பெரும்பாலும் முதலாம் மகேந்திரவர்மனின் (ஏறத்தாழ கி.பி. 600–630) பெயரிலிருந்தே தொடங்கப்படுகிறது. ஓவியர்களுள் புலி எனப் பொருள்படும் 'சித்திரகாரப்புலி' என்ற பட்டத்தை அவன் பூண்டிருந்ததும், சிதைந்த மாமண்டூர்க் கல்வெட்டில் வரும் 'தட்சிணசித்திரம்' என்ற சொல்லை ஓவிய இலக்கணம் பற்றிய ஒரு நூலின் பெயராக அறிஞர் சிலர் கொண்டதும் இதற்குக் காரணங்கள். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் அங்கத நாடகத்தை இயற்றிய அம்மன்னன் தூரிகையும் பிடித்திருக்கலாம் என்று கருதுவதில் தவறில்லை. ஆனால் அவன் கைப்பட்டது என்று சுட்டிக்காட்ட ஓர் ஓவியமும் இன்று இல்லை.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் இந்த இடைவெளியை நன்கு உணர்த்துகிறது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியிலுள்ள மண்டகப்பட்டில், பாறையைக் குடைந்தே ஆக்கிய கோயிலாகிய குடைவரையின் வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி நான்முகன், சிவன், திருமால் ஆகியோருக்கு 'விசித்திரசித்தன்' இக்கோயிலை எடுப்பித்தான் என்று கூறுகிறது; புதுமை விரும்பும் உள்ளத்தான் எனப் பொருள்படும் அப்பட்டமும் மகேந்திரனுடையதே. அருகிலுள்ள தளவானூர்க் குடைவரை 'சத்துருமல்லன்' என்ற அவனது இன்னொரு பட்டத்தைத் தாங்கியுள்ளது. திண்டிவனம் பக்கத்துக் கீழ்மாவிலங்கையில் சிறியதொரு திருமால் குடைவரை உண்டு. பட்டங்களுக்குக் குறைவில்லாத இப்பகுதியில் மகேந்திரன் காலத்து வண்ணம் மட்டும் காணக் கிடைக்கவில்லை. கீழ்வாலை, செத்தவரைப் பாறைகளில் அவனுக்கு மிக முற்பட்ட மக்கள் தீட்டிய ஓவியங்கள் இன்றும் நிற்பது இங்கு நினைக்கத்தக்கது.

மன்னர்களின் ஆளுருவங்களை, அதாவது குறிப்பிட்ட ஒருவரைக் காட்டும் உருவங்களை, அடையாளம் காண்பதிலும் இதே பெயர் ஆய்வாளர்களை இழுத்துச் சென்றது. சித்தன்னவாசல் குகையில் தீட்டப்பட்ட அரசனும் அரசியும் மகேந்திரனும் அவன் தேவியும் என்று நெடுநாள் கருதப்பட்டனர். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குகையைப் புதுப்பித்ததைக் கூறும் கல்வெட்டு ஆராயப்பட்ட பின் அக்கருத்து தளர்ந்தது. மாமல்லபுரம் ஆதிவராகர் குடைவரையில் பெயர் பொறித்த சிம்மவிஷ்ணு, மகேந்திரன் உருவங்கள் இருப்பினும் அவை சிற்பங்கள். அப்பெயர்கள் எந்த மன்னர்களைக் குறிக்கின்றன என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. அரச வரலாற்றைத் தொடர்காட்சிகளாகச் சொல்லும் காஞ்சி வைகுண்டப்பெருமாள் கோயிலும் புடைப்புச் சிற்பங்களையே நம்புகிறது.

இப்பகுதியில் எஞ்சிய பல்லவ ஓவியத்தைக் காண விழுப்புரத்துக்கு வடமேற்கிலுள்ள பனைமலைக்குச் செல்ல வேண்டும். இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலின் துணைச் சன்னதி ஒன்றில், மகுடம் அணிந்து, மேலே குடை கவிந்திருக்க, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று சிவனின் ஆடலைக் காணும் பார்வதி, சுண்ணச் சாந்துப் பூச்சின்மேல் தீட்டப்பட்டுள்ளாள். ஆடும் சிவனோ மங்கிய கோடுகளாகத் தேய்ந்துவிட்டான். ஆகவே ஆடலின் வேகத்தை அதைப் பார்ப்பவளின் சாய்ந்த தலையிலும் தளர்ந்த உடலிலும் இருந்தே உணர வேண்டியுள்ளது. காலம் செய்த இந்தச் சிதைவு ஓவியனின் திறனை ஒருவகையில் கூட்டிக் காட்டுகிறது என்றுகூடச் சொல்லலாம். அணிகலன்களின் நுணுக்கத்தைவிட இடுப்பிலிருந்து கால்வரை தயங்காமல் இறங்கும் கோடே இங்கு வியப்புக்குரியது. இதே மன்னன் எடுப்பித்த காஞ்சி கைலாசநாதர் கோயிலில், புதுச்சேரியிலிருந்து ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ-துப்ரேய் 1931இல் வெளிக்கொணர்ந்த ஓவியத் துணுக்குகளோடு இதை ஒப்பிட்டால், ஒரே மரபில் பயின்ற கைகள் என்பது புலப்படும்.

பனைமலையில் ஓவியனின் பெயர் இல்லை; கிடைப்பவை கோயிலை எடுப்பித்த மன்னனின் பட்டங்கள் மட்டுமே. அவற்றை ஓவியனின் பெயருக்கு ஈடாக வைத்து எழுதும் வழக்கம் போதும். பல்லவர் ஓவிய வரலாறு மண்டகப்பட்டுக் கல்வெட்டிலிருந்து அல்ல, பனைமலைச் சுவரிலுள்ள அந்தக் கோட்டிலிருந்து எழுதப்பட வேண்டும்.