பெயரேட்டின் பத்தியும் திருச்சபையின் பணியும்

தென்னாப்பிரிக்க வரலாற்றாசிரியர் ஜாய் பிரெயின் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நேட்டாலின் கிறிஸ்தவ இந்தியர், 1860–1911' என்னும் ஆங்கில நூல், தமிழ்த் திருச்சபையார் தம் கதையாகவே வாசிக்க வேண்டிய நூலாகும். ஆப்பிரிக்காவின் பள்ளிகளுக்கும் சபைகளுக்கும் உதவி அனுப்ப வேண்டும் என்னும் ஆர்வம் நம் சபைகளில் காணப்படும் இந்நாளில், அந்நூலை மீண்டும் கையில் எடுப்பது தகும். நாம் அதனை இராயபுரத்தில் அமர்ந்து வாசித்தோம். வாசிக்கும் இடமும் வாசிப்பின் ஒரு பகுதியே.

1860ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் 342 பேருடன் டர்பன் சேர்ந்தது. அன்று சென்னையில் துறைமுகம் இல்லை. மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைக் கடந்தே கப்பலை அடைய வேண்டியிருந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக இவ்வாறு தொடங்கிய ஒப்பந்தக் கூலிமுறையின்கீழ், 1911ஆம் ஆண்டு வரை சென்னை, கல்கத்தா ஆகிய இரு துறைகளிலிருந்தும் நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். இவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியே சென்றவர்கள். கிறிஸ்தவர்களோ மிகச் சிறு தொகையினர். ஆயினும், முன்பு இலங்கையில் தமிழரிடையே பணியாற்றிய மெதடிஸ்து ஊழியர் ரால்ஃப் ஸ்டாட் 1862இல் நேட்டாலில் இந்தியரிடையே பணியைத் தொடங்குமுன்பே, அவர்கள் அங்கிருந்தார்கள். அனுப்பப்பட்டவர் எவரும் வருவதற்கு முன், ஒப்பந்தச் சீட்டில் கைந்நாட்டு வைத்தவர்கள் விசுவாசத்தைக் கடல் கடத்திச் சென்றனர். சிதறுண்டவர்களால் அந்தியோகியாவில் சபை உண்டானதைக் கூறும் அப். 11:19–21 பகுதியை நாம் பலமுறை விளக்கியுள்ளோம். அதன் நிகழ்ச்சி நம் கரையிலேயே நடந்ததை எண்ணிப் பார்த்தோமா?

பிரெயினின் நூலுக்கு அடித்தளம் கப்பல்களின் பயணியர் பெயரேடுகள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்; அதனையடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் எனப் பத்திகள். அலுவலகத்தில் உறங்கிய இவ்வேடுகளைப் பொறுமையுடன் ஆராய்ந்து, மறைபரப்புச் சங்கங்களின் அறிக்கைகளில் வெறும் தொகையாக நின்ற மக்களை ஆட்களாக நமக்குக் காட்டியது இவ்வாசிரியரின் பெருந்தொண்டு.

அவ்வேடுகளில் ஒரு செய்தி நம்மை நிறுத்துகிறது. 'சாதி' என்னும் பத்தியின்கீழ்ச் சிலருக்குக் 'கிறிஸ்தவர்' என்று எழுதப்பட்டுள்ளது. இதனை இருவகையாக வாசிக்கலாம். 'உன் சாதி என்ன?' என்று கேட்ட எழுத்தருக்கு, 'நான் கிறிஸ்தவன்' என்று ஒருவர் துணிவுடன் விடை சொல்லியிருக்கலாம். அவ்வாறாயின் அது ஓர் அறிக்கை. அன்றி, எழுத்தரின் கண்ணில் கிறிஸ்தவம் மற்றுமொரு சாதியாகவே தோன்றியிருக்கலாம். ஆள்தோறும் எது உண்மை என்பதை ஏடு சொல்லாது. புள்ளிவிவர ஆய்வு என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் நூலிடம் இதற்கு விடை கேட்பதும் முறையன்று. ஆனால், பின்னர் திருச்சபை அந்த இரு பொருள்களுள் எதைத் தெரிந்துகொண்டது என்பது இறையியல் கேள்வி. அதனைக் கேட்பது நம் கடன்.

கல்விப்பணியை முதலில் நேர்மையாக மதிப்பிடுவோம். தோட்ட முதலாளிகள் கூலிகளின் பிள்ளைகளிடமும் கைகளையே எதிர்பார்த்த காலத்தில், அவர்களுக்கு எழுத்தறிவித்தவை பெரிதும் மறைபரப்புப் பள்ளிகளே. காந்தியடிகள் நேட்டாலில் சந்தித்த, அந்நாட்டிலேயே பிறந்த படித்த இந்திய இளைஞருள் பெரும்பாலோர் கிறிஸ்தவர். கூலிகளாக வந்தோரின் மக்கள். டர்பன் தூய எய்டன் மிஷனின் தலைவர் டாக்டர் பூத் நடத்திய சிறு தரும மருத்துவமனையில் காந்தியடிகள் தொண்டு செய்ததையும், அதன் செலவை ஏற்றவர் பார்சியாகிய ருஸ்தம்ஜி என்பதையும் அவரது தன்வரலாறு கூறுகிறது. கொடுப்பவர் கிறிஸ்தவர், பெறுபவர் பிறர் என்னும் நம் வழக்கமான கணக்கு அன்றே பொய்த்தது.

எனினும் குறையைச் சொல்லியாக வேண்டும். திருச்சபைகள் 'இந்திய மிஷன்' என ஒன்றும், ஆப்பிரிக்கருக்கென வேறொன்றும், வெள்ளையருக்கென மற்றொன்றுமாகப் பணியைப் பிரித்தன. தொடக்கத்தில் இதற்கு மொழி ஒரு நியாயமான காரணம். 1903இல் நெல்லூர்ப் பகுதித் தெலுங்கு பாப்திஸ்துச் சபைகள் ஜான் ரங்கையாவை நேட்டாலுக்கு அனுப்பின; அவர் கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் சபை நிறுவினார். வெளிநாட்டார் உதவி பெற்றுவந்த சபைகள் தாமே ஓர் ஊழியரைக் கடல்கடந்து அனுப்பியமை இந்தியத் திருச்சபை வரலாற்றில் பெருமைக்குரியது. தம் மொழியில் வேதம் கேட்க ஏங்கியவர்களைத் தேடிச் சென்றதைக் குற்றமென்பார் யார்? ஆனால் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசத் தலைப்பட்ட பின்னரும் பிரிவு நீடித்தது. அடுத்த தெருவில் வாழ்ந்த சூலு விசுவாசி அந்நியராகவே இருந்தார். மொழி காரணமாக எழுந்த தடுப்பு இனம் காரணமாக நிலைத்தது. 1950இல் குடிமக்களை இனவாரியாகப் பதியும் சட்டமும், அவரவர் வாழும் பகுதியை வரையறுக்கும் சட்டமும் வந்தபோது, அரசு தேடிய பத்திகள் சபைகளுக்குள் முன்னமே கோடிடப்பட்டிருந்தன. பிரெயினின் நூல் 1911உடன் முடிகிறது. இந்த முடிவுரையை வாசகரே எழுதிக்கொள்ள வேண்டும்.

வேறு வழி இல்லாதிருந்ததோ? இராயபுரத்தில் நார்த்விக் பெண்கள் பள்ளியை வளர்த்த ஸ்காட்லாந்துத் திருச்சபையே தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் கல்வி நிலையத்தையும் வளர்த்தது. 1841இல் தொடங்கிய லவ்டேலில், தொடக்க ஆண்டுகளில் கறுப்பர் பிள்ளைகளும் வெள்ளையர் பிள்ளைகளும் ஒரே நிலையத்தில் பயின்றனர். 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம், இத்தகைய பள்ளிகளை மிஷன்களிடமிருந்து அரசின் கைக்கு மாற்ற வழிசெய்தது. பத்திகளைக் காக்க விரும்பியோர் எந்தப் பள்ளிகளுக்கு அஞ்சினர் என்பதை இது விளக்கும்.

இனி நம்மிடம் வருவோம். திருவொற்றியூர்ப் பக்கத்துச் சபையொன்றில் அருட்பணி ஞாயிறன்று நாம் பிரசங்கித்தோம். காணிக்கைப் பெட்டியின்மேல் ஓர் ஆப்பிரிக்கக் குழந்தையின் படம் ஒட்டப்பட்டிருந்தது. ஆராதனைக்குப் பின், துறைமுகச் சுமைத்தொழிலாளி ஒருவரின் மகள் அருகில் வந்து, "ஐயா, இந்தப் பிள்ளை பேரு என்ன?" என்றாள். நமக்குத் தெரியவில்லை. "எந்த ஊரு?" என்றாள். அதுவும் தெரியவில்லை. 'ஆப்பிரிக்கா' என்று மட்டும் சொன்னோம். 1860இன் எழுத்தர்கூடப் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் கேட்டு எழுதினாரே. அன்பின் பெயரால் பேசிய நாம் ஒன்றும் எழுதவில்லை. நம் ஏட்டில் இருந்தவை இரண்டே பத்திகள்: கொடுப்போர், பெறுவோர்.

இவ்வெட்கத்திலிருந்து பிறப்பதே நம் திறனாய்வு. பெயரறியாதவருக்கு உதவி அனுப்பலாம். அவரோடு ஒரே சபையாக இருக்க இயலாது. ஆகவே ஆப்பிரிக்காவுக்குச் செய்யும் பணி எதையும் இரு கேள்விகளால் சோதிப்போமாக. அங்குள்ள சபை, தன் பள்ளிக்கு எது வேண்டுமென்று தானே தீர்மானிக்கிறதா? அச்சபையிடமிருந்து கற்றுக்கொள்ள நாம் ஆயத்தமா? அப். 13:1 இக்கேள்விகளைத் தவிர்க்க விடாது. பவுலையும் பர்னபாவையும் கைவைத்து அனுப்பிய அந்தியோகியச் சபையின் தீர்க்கதரிசிகளும் போதகர்களுமாக அங்கு எண்ணப்பட்டவர்களுள் நீகர் எனப்பட்ட சிமியோனும், ஆப்பிரிக்கக் கரையின் சிரேனே ஊரானாகிய லூகியும் உண்டு. ஆப்பிரிக்கா அங்கே அனுப்பும் இடத்தில் நிற்கிறது.

இக்கேள்விகள் நம் வீட்டையும் சோதிக்கும். சாதிப் பத்தியைத் திருமணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் ஓசையின்றிக் காத்துவரும் நாம், கடலுக்கு அப்பால் எந்த ஒருமைப்பாட்டை ஏற்றுமதி செய்வோம்?

அந்தச் சபையின் மூப்பரிடம் சிறுமியின் கேள்வியைத் தெரிவித்தோம். "கொடுப்பதற்குப் பெயர் எதற்கு?" என்றார் ஒருவர். நீண்ட விவாதத்திற்குப் பின், பணம் சேரும் பள்ளியின் பெயரையும், அங்குள்ள ஆசிரியர் ஒருவரின் கடிதத்தையும் கேட்டு எழுதுவதென முடிவாயிற்று. காணிக்கை இன்னும் பொருளாளரிடம் இருக்கிறது. கடிதம் வரவில்லை. ஞாயிறுதோறும் அச்சிறுமி, "வந்துச்சா ஐயா?" என்று அங்குள்ள ஆயரைக் கேட்டுவருகிறாள்.